என் பேர் பொறித்த கல்லுக்குக் கீழே

இன்னைக்கு மருத்துவப் பதிவு இல்லை. ஆனா ஒரு டாக்டர் செஞ்ச தப்பைப் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முகையூர் பக்கம் ஒரு சின்ன கிராமம் என் அம்மா பிறந்த ஊர். பேர் வேண்டாம். அங்கே ஒரு பழைய சிவன் கோயில். பத்து வருஷத்துக்கு முன்னாடி மாமா போன் பண்ணினார்.

"மாப்ள, கோயில் திருப்பணி ஆரம்பிச்சிருக்கோம். நம்ம ஊர்ப் பிள்ளைல நீதான் டாக்டர். நோட்டுல உன் பேரு முதல்ல வரணும்."

10,000 ரூபாய் அனுப்பினேன். என்ன வேலை, யார் செய்யறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

அந்த வசூலை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். நூறு நாள் வேலைக்குப் போற பெண்கள் ஆளுக்கு 100 ரூபாய் கொடுத்தாங்க. பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை பார்க்கிற பசங்க ஒரு நாள் கூலியை அனுப்பினாங்க. அஞ்சு பைசா கணக்கு தப்பலை.

கும்பாபிஷேகத்துக்குப் போனேன். கோயில் பளபளன்னு இருந்துச்சு. தரை முழுக்க டைல்ஸ், சுவர் முழுக்க பெயிண்ட். பிரகாரத்துல ஒரு அடி உயரத்துக்குச் சிமெண்ட் கொட்டி தரையை ஒசத்தியிருந்தாங்க.

நான் தேடினது வேற. சின்ன வயசுல தாத்தா என் கையைப் பிடிச்சு, அடிப்பக்கக் கல்லுல இருந்த எழுத்து மேல விரலை ஓட்ட வைப்பார். மூணு வரிசை. அவருக்கும் படிக்கத் தெரியாது. "பெரியவங்க ஏதோ சொல்லி வச்சிருக்காங்கடா"ன்னு மட்டும் சொல்வார்.

அந்த மூணு வரிசையும் காணோம்.

மாமாகிட்ட கேட்டேன். "மழைத்தண்ணி நிக்குதுன்னு ஒசத்தினோம் மாப்ள. அந்த எழுத்து யாருக்குப் புரியப் போவுது?"

அவர் மேல கோபம் வரலை. தண்ணி நின்னது நிஜம். அவருக்குத் தெரிஞ்ச வைத்தியத்தை அவர் செஞ்சார். அதே இடத்துல, சிமெண்டுக்கு மேல ஒரு பளிங்குக் கல். நன்கொடையாளர் பட்டியல். முதல் பேர் என்னோடது, பட்டத்தோட.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல்னு ஒரு ஊர். அங்கே பெருமாள் கோயில் சுவர்ல 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. அதுல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. வீரசோழன் மருத்துவமனை, 15 படுக்கை. ஒரு பொது மருத்துவர், அறுவை சிகிச்சை செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டு வர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கப் பெண் பணியாளர்கள், அவங்கவங்க சம்பளம், இருப்பு வைக்க வேண்டிய மருந்துப் பட்டியல். இன்னைக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாக் ரிஜிஸ்டர் மாதிரியே!

நம்ம விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்துல, ராஜேந்திர சோழன் காலத்துக் கல்லூரியில 340 மாணவர்கள் படிச்சதும் கல்வெட்டால்தான் தெரியும். யாராவது அந்தச் சுவர்களுக்கு நல்லெண்ணத்தோட சிமெண்ட் பூசியிருந்தா, அந்த ஆஸ்பத்திரியும் கல்லூரியும் வரலாற்றுல இல்லவே இல்லை.

எங்க ஊர் மூணு வரிசைல என்ன இருந்துச்சு? விளக்கெரிக்க ஆடு கொடுத்த கணக்கா, ஏரி வெட்டின கணக்கா? தெரியாது. அதை மூடினதுல என் 10,000 ரூபாயும் இருக்கு.

சிமெண்ட் ஏன் கூடாது? புண்ணுக்குள்ள சீழ் இருக்கும்போது மேல காத்துப் போகாம ஒட்டி மூடினா என்ன ஆகும்? அதேதான். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூசினா ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, சுவரை உள்ளிருந்து தின்னும். பாசி போகணும்னு மணலை வேகமா அடிச்சுக் கல்லைச் சுத்தம் பண்றது இன்னும் மோசம். அழுக்கோட சேர்ந்து எழுத்தும் போயிடும்.

அப்ப வசூலே வேண்டாமா? கட்டாயம் வேணும். உத்திரமேரூர் கைலாசநாதர் கோயில் விமானம் செடி முளைச்சு, விரிசல் விட்டுக் கிடந்துச்சு. ரீச் பவுண்டேஷன்ங்கிற தன்னார்வக் குழு அதைக் கையில எடுத்தது. சென்னை ஐஐடி பொறியாளர்கள் வழிகாட்ட, சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம்னு பழைய பக்குவத்துலயே சீர் செஞ்சாங்க. இதுல எனக்கு ஒரு சந்தோஷம். திருமுக்கூடல் மருந்துப் பட்டியல்லயும் கடுக்காய் இருக்கு. உடம்புக்கும் சுவருக்கும் ஒரே மருந்து!

போன வருஷம் மாமா மறுபடி கூப்பிட்டார். மண்டபம் ஒழுகுதாம். வாட்ஸ்அப் குரூப்ல வசூல் ஆரம்பிச்சாச்சு. இந்தத் தடவை மாமாவை வண்டியில ஏத்திக்கிட்டு முதல்ல பனைமலை போனேன். ராஜசிம்ம பல்லவன் கட்டின தாளகிரீசுவரர் கோயில். சின்ன சன்னதிச் சுவர்ல, ஒரு காலை மடிச்சு, குடைக்குக் கீழே சாய்ஞ்சு நிக்கிற உமையோட ஓவியம். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவங்க பார்த்துக்கிட்டிருந்த சிவனோட ஆட்டம் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு. பார்க்கிற முகம் மட்டும் மிச்சம்.

மாமா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "நம்ம ஊருலயும் எழுத்து இருந்துச்சு இல்ல மாப்ள" என்றார்.

அந்தச் சிமெண்டைப் பேர்த்துடலாமான்னு விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டோம். டிரில் போட்டா கல்லும் சேர்ந்து பெயரும், அவசரப்படாதீங்கன்னு சொல்லிட்டாங்க. சில தப்புக்கு உடனடி சிகிச்சை கிடையாது.

மண்டப வேலைக்கு இப்போ மூணு நிபந்தனை வச்சிருக்கோம். உங்க ஊர்லயும் நன்கொடை நோட்டு வந்தா, பணத்தோட சேர்த்து இதையும் கேளுங்க:

1. வேலைக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்தாச்சா? எழுத்து இருந்தா தொல்லியல் துறைக்குச் சொல்லி மைப்படி எடுத்தாச்சா?

2. சிமெண்டா, சுண்ணாம்பா? சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் யார்?

3. அறநிலையத்துறை கோயில்னா வல்லுநர் குழு ஒப்புதல் இருக்கா? பழமையான கோயில்களைப் பாதுகாக்க சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன்ல 75 உத்தரவுகள் போட்டிருக்கு. அதைப் பத்தி கமிட்டிக்குத் தெரியுமா?

கோயில்னு மட்டும் இல்லை. பழைய மாதா கோயில், தர்கா, ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடம், எல்லாத்துக்கும் முதல் ரெண்டு கேள்வி பொருந்தும்.

மாமாகிட்ட இன்னொண்ணும் சொல்லியிருக்கேன். இந்தத் தடவை பளிங்குக் கல்லுல என் பேர் வேண்டாம்.

ஊர் குரூப்ல பகிருங்க.