பறிமுதல் செய்த புத்தகம்

சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், மாலை வகுப்பில் மாணவன் ஒருவனின் பையிலிருந்து படக்கதைப் புத்தகம் ஒன்று நழுவி விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். கல்லறைகள், நடமாடும் பிணங்கள், கையில் துப்பாக்கியுடன் ஓர் இளைஞன். “குர்ஆனைச் சுமக்கும் பையில் பேய்க்கதையா?” என்று அத்தனை பிள்ளைகளின் முன்னிலையிலும் உரக்கக் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தனர். அவன் தலை குனிந்தான். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

இஷாவுக்குப் பின் அப்புத்தகத்தைப் புரட்டினேன். கண்டிக்கும் முன் படித்திருக்க வேண்டும். இந்த ஒழுங்கைக் கல்லூரியில் மூன்றாண்டுகள் கற்றவன்தான் நான்.

உண்மையைச் சொல்வதானால், அது எனக்கு அந்நியமான உலகமன்று. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-லும், லயன் காமிக்ஸ் 1984-லும், அச்சமூட்டும் கதைகளுக்கென்றே திகில் காமிக்ஸ் 1986-லும் வெளிவரத் தொடங்கின. அவற்றின் கிழிந்த பிரதிகள் எடப்பாடியின் பழைய புத்தகக் கடைகளில் என் கைக்குக் கிட்டின. தறிச்சத்தம் ஓயாத தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். மின்சாரம் நின்று தறிகள் அடங்கும் இரவுகளில்தான் எனக்குப் பயம் வரும். அந்த மௌனத்தில் படித்ததெல்லாம் உயிர்பெற்று நிற்கும். ஒருநாள் அத்தா என் சேகரிப்பு முழுவதையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். அத்தாவிடம் அதுபற்றி நான் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் மறக்கவுமில்லை.

மாணவன் வைத்திருந்தது டைலன் டாக் என்னும் துப்பறிவாளரின் கதை. இத்தாலியில் டிசியானோ ஸ்கிளாவி என்பார் படைத்து, 1986 முதல் மாதந்தோறும் வெளிவரும் தொடர். நானூறு இதழ்களைக் கடந்துவிட்டது. அறிஞர் உம்பர்ட்டோ ஈகோவும் இதன் அபிமானி. ‘அந்தி மண்டலம்’ முதலிய கதைகளை லயன்-முத்து குழுமம் தமிழில் தந்திருக்கிறது. இலண்டனில் வசிக்கும் இவர் முன்னாள் காவல்துறைக்காரர். ‘என் வீட்டில் பேய் இருக்கிறது’ என்று வருவோர் வேறெங்கும் கேலிக்கே உள்ளாவர். இவரோ அமர வைத்துக் கேட்கிறார். கட்டணம் நாளொன்றுக்கு 50 பவுண்டு, செலவு தனி. (நம் பக்கத்துத் தாயத்துக்காரர்களும் ஏறக்குறைய இவ்வழக்கத்தினரே!) குடியை விட்டொழித்தவர். உயரமென்றால் அஞ்சுவார், வௌவாலென்றால் அஞ்சுவார். பல கதைகளில் கடைசியில் அகப்படும் கொடியவன் மனிதனாகவே இருக்கிறான். இரத்தமும் ஆடை குறைந்த சித்திரங்களும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உரியதன்று என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் தந்தை முந்திய ஆண்டு மௌத்தானது எனக்குத் தெரியும். ஜனாஸாவில் நானும் நின்றேன். தெரியாததை அவனுடைய பாட்டியார் சொன்னார்: “அன்றிலிருந்து பையன் விளக்கை அணைக்க விடுவதில்லை, ஹஜ்ரத்.” யாரோ ஓதிக் கொடுத்ததென்று கையில் தாயத்து கட்டியிருந்தார்கள். புத்தகம் சந்தா கட்டி வாங்கும் அவன் மாமாவுடையதாம்.

“பயப்படும் பிள்ளை பயமுறுத்தும் கதையைப் படிக்கலாமா?” என்றேன், இம்முறை மெதுவாக.

“அவருக்கும் பயம்தான் ஹஜ்ரத். ஆனாலும் உள்ளே போகிறார்” என்றான்.

எனக்குப் பதில் தோன்றவில்லை. சற்றுப் பொறுத்து, அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஜகாத் தானியத்துக்குக் காவலிருந்த நிகழ்ச்சியைச் சொன்னேன். மூன்றிரவுகள் திருட வந்தவன், இறுதியில் தப்பிப்பதற்காக, உறங்குமுன் ஆயத்துல் குர்ஸீ ஓதினால் விடியும்வரை பாதுகாப்பு உண்டென்று கற்றுக்கொடுத்தான். வந்தவன் ஷைத்தான், பொய்யனாயினும் அவன் சொன்னது உண்மையே என்று நபி (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள். புகாரியில் உள்ள இதனைப் பையன் முதன்முறையாகக் கேட்டான். கண்கள் விரிந்தன. “ஷைத்தானையே அவர் பிடித்து வைத்தாரா? மூன்று தடவையா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

தாயத்தை அவிழ்க்குமாறு நான் அன்று சொல்லவில்லை. பாட்டியாரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன். புத்தகத்தை மாமாவிடமே சேர்ப்பித்து, பிள்ளைக்கு ஏற்ற கதைகளைத் தேர்ந்து கொடுக்குமாறு கேட்டுக்கொண்டேன். மறுநாள் பாடம் தொடங்குமுன், எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும், அவனைச் சிரிக்க வைத்தது என் பிழை என்று சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவன் வாசலில் தயங்கி நின்றான்.

“ஹஜ்ரத், அந்தப் புத்தகத்தை நீங்கள் முழுவதும் படித்தீர்களா?”

“படித்தேன்” என்றேன்.

“விளக்கை அணைத்தீர்களா?”

அன்றிரவு மின்சாரம் நின்று தறிகள் அடங்கியபோது, நான் எழுந்து மெழுகுவத்தி தேடியதை அவனிடம் ஒப்புக்கொண்டேன்.