முதல் பாகம் வீரபாண்டியில் இருக்கிறது

தேனியில் கம்பம் பஸ் ஏறும்போதே கண்டக்டர் என் தோள்பையை ஒரு தினுசாகப் பார்த்தார். "என்ன சார், லக்கேஜ் போடணுமா?" புத்தகம்தான் என்றேன். "அதான் இந்தக் கனம் கனக்குது" என்று வீரபாண்டிக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பையில் இருந்தவை நாலு தலைப்பு, ஐந்து புத்தகம். ஒரே சமயத்தில் நாலைந்தைத் திறந்து வைத்துக்கொள்வது என் கெட்ட பழக்கம். எதையும் உருப்படியாக முடிப்பதில்லை என்பது வீட்டில் நிலவும் கருத்து. மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்து வந்திருந்தேன். எல்லாமே இந்தப் பக்கத்துக் கதைகள். அ. வெண்ணிலாவின் 'நீரதிகாரம்', இரண்டு தடித்த பாகங்கள். எஸ். செந்தில்குமாரின் 'கழுதைப்பாதை'. தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்'. அப்புறம், கல்லூரி நாட்களில் வாசித்துவிட்டு இப்போது மறுபடி கையிலெடுத்த வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'.

பழனிசெட்டிபட்டி தாண்டியதும் காற்று மாறிவிட்டது. வீரபாண்டியில் இறங்கினேன்.

சித்திரை மாதம். திருவிழாவுக்கு நாள் இருந்தது. ராட்டினக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் கௌமாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டார்கள். கம்பம் போகிற பஸ்ஸில் வந்து கம்பத்தைப் பார்க்க இறங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். இந்தக் கம்பம் ஊர் இல்லை, மூன்று கிளை பிரிந்த அத்திமரக் கொம்பு. முல்லையாற்றில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து அதற்கு ஊற்றுகிறார்கள். ஆற்றுக்கும் கோயிலுக்கும் இடையே தரை காயவே இல்லை. ஈரக் காலடிகளின் மேல் ஈரக் காலடிகள், நடுநடுவே மிதிபட்ட வேப்பிலை.

ஆற்றோரம் நிழல் பார்த்து உட்கார்ந்து 'நீரதிகார'த்தின் இரண்டாம் பாகத்தைத் திறந்தேன். விகடனில் தொடராக வந்தபோது நடுநடுவே வாரங்களைத் தவறவிட்டவன் நான். புத்தகமாக வாசிக்கும்போதுதான் பெரியாற்றில் அணை கட்டிய வேலையின் அளவு உறைக்கிறது. 1886இல் திருவிதாங்கூரோடு போட்ட குத்தகை: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம். அடுத்த வருஷம் ஆரம்பித்த வேலை 1895இல்தான் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டிய அணை. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார்கள். அணை வேலையில் இருந்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் எழுதிய வரலாற்றையும் செல்போனில் இறக்கி வைத்திருக்கிறேன். நாவலில் மனசு கனத்தால் மெக்கன்சிக்குப் போய்விடுவேன். அவர் கணக்குப் பேசுவார். கணக்கு அலுத்தால் மறுபடி நாவல். இப்படி மாற்றி மாற்றி வாசிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒரே புத்தகத்தோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது புரியாது.

குடத்தோடு படியேறிய ஒரு பெண் என்னைக் கடக்கும்போது தளும்பிவிட்டது. திறந்திருந்த பக்கத்தில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் தண்ணீர். "அய்யய்யோ, பொஸ்தகத்துல பட்டுருச்சாண்ணே? ஆத்தாவுக்குக் கொண்டுபோற தண்ணிதான், ஒண்ணும் ஆகாது" என்று நிற்காமல் போய்விட்டார். துண்டால் ஒற்றி எடுத்தேன். எழுத்து கலையவில்லை. மஞ்சள் மட்டும் தாளில் தங்கிவிட்டது. யோசித்தால் அந்தச் சொட்டு வந்த வழியைத்தான் அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. தேக்கடிச் சுரங்கம், லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், அப்புறம் இந்தக் குடம்.

அங்கிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்பது பையில் இருந்த இன்னொரு புத்தகத்தில் இருக்கிறது. முல்லையாறு தேனியைத் தாண்டி வைகையில் கலந்து, 1959இல் திறந்த வைகை அணைக்குள் போய்ச் சேர்கிறது. அந்த அணைக்காகக் காலிசெய்யப்பட்ட ஊர்களின் கதைதான் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். இருபது வயதில் அதன் நாயகர் பேயத்தேவருக்காக அழுதிருக்கிறேன். இப்போது வாசிக்கையில் சில இடங்களில் கவிஞர் குறுக்கே வந்து நிற்கிறார், கொஞ்சம் விலகினால் தேவலை என்று தோன்றுகிறது. ஆனாலும் மண்ணை விட்டுப் போகிற கட்டம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அழவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே குளிக்கிற ஜனங்களின் முதுகைத் தடவிப் போகிற இதே தண்ணீர்தான் அங்கே போய் அந்த ஊர்களின் மேல் நிற்கிறது.

'கழுதைப்பாதை'யைப் பஸ்ஸிலேயே கொஞ்சம் வாசித்திருந்தேன். போடி மலையில் ரோடு வராத காலத்தில் கழுதை முதுகில் சரக்கு ஏறி இறங்கிய கதை. அதற்குப் போடிக்கே போய் உட்கார்ந்தால்தான் சரிவரும். இந்த ஈரத்தில் அது ஒட்டவில்லை.

கோயில் பக்கம் டீக்கடையில் பெரியவர் ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். இடது கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆகிறதாம். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற நேர்ந்திருக்கிறார். தலைக்குத் தண்ணி படக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் மருமகள் ஊற்றுகிறாராம். வீரபாண்டியில் கண்ணுக்காக நேர்ந்துகொள்வது ஆச்சரியமில்லை. பார்வை போன பாண்டிய மன்னன் இங்கே வந்து, ஒரு கண்ணைக் கௌமாரியிடமும் மறு கண்ணைக் கண்ணீஸ்வரமுடையாரிடமும் திரும்பப் பெற்றான் என்பதுதானே தலபுராணம்.

"என்னா பொஸ்தகம் வச்சிருக்கீக?"

பென்னிகுவிக் அணை கட்டிய கதை என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொரை படம் எங்க வீட்ல சாமி படத்தோட இருக்கு. எங்க ஊரு பேரு வருதா அதுல?" வீரபாண்டி வருகிறதா என்று எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. கம்பம், கூடலூர் வருகிறது என்று சமாளித்தேன். அவருக்குத் திருப்தியில்லை. லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் என்று பத்திரிகைகள் போடுகிற கணக்கில் இரண்டு ஏக்கர் அவருடையது. "ஜூன் ஒண்ணாந்தேதி தண்ணி தொறந்தா நாத்துப் பாவிருவோம். நாள் தள்ளுனா ரெண்டாம் போகத்துக்கு இழுபறிதான்." அவரைப் பொறுத்தவரை பென்னிகுவிக் என்றால் அந்தத் தேதிதான்.

"முடிச்சிட்டீகளா?"

"மொத பாகம் முடிச்சிட்டேங்கய்யா. ரெண்டாவது ஓடுது."

"அப்ப மொதல குடுத்துட்டுப் போங்க. பேத்தி லீவுல இருக்கா, வாசிச்சுக் காட்டுவா. நான் இப்பக்கிப் படிக்கக் கூடாது."

புத்தகம் இரவல் கொடுப்பதில் நான் மகா கஞ்சன். கொடுத்துத் திரும்பி வராதவற்றின் பட்டியல் ஒன்று மனசில் எப்போதும் உண்டு. சட்டென்று ஒரு தந்திரம் தோன்றியது. மெலிந்த புத்தகமாகப் போகட்டும் என்று 'நிறங்களின் உலக'த்தை எடுத்து நீட்டினேன். சின்ன வயசில் பார்வை போய், கண் தெரியாதோர் பள்ளியில் படித்து, பின்னால் பார்வை திரும்பப் பெற்ற தேனிக்காரர் தன் வாழ்க்கையிலிருந்து எழுதியது, உங்களுக்கு இதுதான் பொருத்தம் என்று எடுத்துச் சொன்னேன். நான் சொன்னதில் பொய் இல்லை. விரல் நுனியால் எழுத்துப் படித்த ஒருவர் பிறகு கண்ணால் உலகத்தைப் பார்க்க நேர்கிற நாவல் அது. எனக்கு இந்த ஐந்தில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

அவர் கையில்கூட வாங்கவில்லை. "கண்ணு கதைய நான்தான் பத்து நாளா அனுபவிச்சுக்கிட்டு இருக்கேனே தம்பி. தண்ணிக் கதையக் குடுங்க."

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு வேறு வழியில்லை. முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் அதைத் தூக்கிப் பார்த்து, "செங்கல்லு கணக்கால்ல இருக்கு" என்றார். தோளில் கிடந்த துண்டை உதறி அதில் சுற்றிக்கொண்டார். என் செல்போன் நம்பரைக் கடைக்காரர் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்தார்.

"எப்ப வருவீக?"

"திருவிழாவுக்கு வாறேன்யா."

"கூட்டத்துல எங்குட்டு என்னயத் தேடுவீக? ஜூன்ல வாங்க. அதுக்குள்ள ரெண்டாவதையும் முடிச்சிருங்க."

தேனி பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பை லேசாகியிருந்தது. இரண்டாம் பாகத்தை மடியில் வைத்து, மஞ்சள் பட்ட பக்கம் காயட்டும் என்று காற்றுக்கு விரித்துப் பிடித்துக்கொண்டேன்.