பத்தாம் எண் திருகாணி

பழைய காமிராவைச் செப்பனிட முற்படுகிறவருக்கு லென்ஸும் ஷட்டரும் தரும் தொல்லையைக் காட்டிலும், நகக்கண்ணில் அடங்கிவிடும் ஒரு திருகாணி தரும் தொல்லை பெரிது என்பதை, இங்கிலாந்தில் செய்யப்பட்ட மடிப்புக் காமிரா ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தபின் அறிந்தேன். துருத்தியின் முன்னே லென்ஸைத் தாங்கும் இரு புயங்களில் ஒன்றைப் பிணைத்திருந்த திருகாணி உதிர்ந்து போயிருந்தது. அது இல்லாவிட்டால் லென்ஸ் பிலிமுக்கு நேராக நில்லாமல் சற்றே சாய்ந்து, படத்தின் ஒரு பாதி தெளிந்தும் மறுபாதி மங்கியும் விழும்.

மறுபுயத்தில் எஞ்சியிருந்த அதன் ஜோடியைக் கழற்றி அளந்ததில், குறுக்களவு 1.7 மில்லிமீட்டர் என்றும், மரைக்கு மரை இடைவெளி 0.35 மில்லிமீட்டர் என்றும் தெரிந்தது. இதே அளவும் இதே இடைவெளியும் கொண்ட திருகாணிகள் ஜப்பானியக் காமிராக்களில் உண்டு. அவற்றில் ஒன்றை மெல்லத் திருகிப் பார்த்தேன். சிறிது தூரம் சென்று இறுகி நின்றுவிட்டது. மேலும் முடுக்கினால் பித்தளையில் வெட்டிய மரை அழிந்துவிடும் என்பதால், அளவுகருவிகளைச் செப்பனிட்டே நரைகண்ட பெரியவர் ஒருவரிடம் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அளவு ஒண்ணுதான் தம்பி, மரையோட கோணம் வேற. ஜப்பான் மரை அறுபது டிகிரி, இது பி.ஏ. பத்தாம் நம்பர், நாற்பத்தேழரை டிகிரி. காமிராக் கடையில தேடாதீங்க, பழைய இங்கிலீஷ் மீட்டர் இருந்தா பிரிச்சுப் பாருங்க" என்றார்.

அங்குலமே ஆட்சி செய்த தேசத்துப் பொருளில் மில்லிமீட்டர் எப்படிப் புகுந்தது என்ற கேள்வி அதன்பின் என்னை விடவில்லை. நூல்களைத் துருவியபோது அது ஜினீவாவுக்கு இட்டுச் சென்றது. அந்நகரத்துப் பேராசிரியர் மார்க் துரி என்பவர், தமக்குத் தோன்றியபடி ஓர் அளவை விதித்துவிடாமல், கடிகாரத் தொழிலாளர் அனுபவத்தால் தேர்ந்து வழங்கிவந்த திருகாணிகளைத் திரட்டி அளந்து, குறுக்களவுக்கும் மரையிடைவெளிக்கும் உள்ள சம்பந்தத்தை ஒரு சூத்திரமாக வடித்து 1878-இல் வெளியிட்டார். சுழியம் எண் திருகாணிக்குக் குறுக்களவு 6 மில்லிமீட்டர், மரையிடைவெளி 1 மில்லிமீட்டர். அடுத்தடுத்த எண்ணுக்கு இடைவெளி முன்னதில் பத்தில் ஒன்பது பங்கு. இவ்வாறு பத்து முறை குறைத்துக்கொண்டே வந்தால் கிடைப்பது 0.35, என் காமிராவின் திருகாணி!

தந்திக் கருவிகளுக்கும் கடிகாரங்களுக்கும் வேண்டிய சிறு திருகாணிகளை ஒழுங்குபடுத்த, பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் நியமித்த குழு, 1884-இல் துரியின் முறையையே பெரும்பாலும் தழுவிப் பரிந்துரைத்தது. பி.ஏ. என்பது அச்சங்கத்தின் பெயர்ச்சுருக்கம். 1841-இல் அங்குலக் கணக்கில் 55 டிகிரி மரையை முன்மொழிந்து இங்கிலாந்தின் பட்டறைகளை ஒரு நெறிக்குள் கொணர்ந்த ஜோசப் விட்வொர்த்தே அக்குழுவில் இருந்தார் என்று படித்தபோது, தம் தேசத்து அளவென்ற அபிமானத்தைக் காட்டிலும் காரியத்தின் செம்மையைப் பெரிதாகக் கருதிய அக்காலத்து அறிஞர்களிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாயிற்று.

பெரியவர் சொன்னபடியே, கழித்துப்போட்ட ஆங்கிலேய மின்னளவுக் கருவி ஒன்றின் வயிற்றில் அந்தத் திருகாணி கிடைத்தது. சிறு நீராவி எந்திர மாதிரிகளைச் செய்து மகிழ்வோருக்காக இங்கிலாந்தில் இன்றும் அது புதிதாகவே விற்கப்படுகிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். தொழிலாளியின் கைப்பழக்கத்தில் மறைந்திருந்த நியாயத்தைப் பணிவோடு அளந்தறிந்து எல்லோருக்கும் பொதுவாக்கிய ஒரு விதி, ஒரு பொருளை, அதைச் செய்த கம்பெனி மறைந்த பிற்பாடும், சாகவிடாமல் காக்கிறது. இத்தகைய பொதுவிதியைக் கைவிட்டு, தமக்கென்றே பிரத்தியேகமான திருகாணிகளை இன்று வகுத்துக்கொள்கிறவர்கள், தம் பொருள்களின் ஆயுளைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள் என்பதே என் துணிபு.