கரைந்து போகும் சிலிக்கான்

விழித்திரை நோய் உள்ள பலருக்கு மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் முடிந்ததா என்றால் இல்லை. சில வாரங்களில் மருந்து தீர்ந்துவிடும், மறுபடியும் ஊசி. சிலருக்கு இது வருடக்கணக்கில் தொடரும். மொத்த மருந்தையும் ஒரே ஊசியில் ஏற்றிவிடலாமே? ஏற்றினால் முதலில் அளவு மிஞ்சி நஞ்சாகும், கடைசியில் போதாமல் போகும்! ஆக, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் ஒரு பொருள் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தப் பொருளும் மறைந்துவிட வேண்டும்.

இதற்காக ஆராயப்படும் பொருட்களில் ஒன்று, கம்ப்யூட்டர் சிப் செய்யும் அதே சிலிக்கான். ஆனால் பஞ்சு மாதிரித் துளைகள் நிறைந்த சிலிக்கான்.

1956ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் உலிர், இங்கேபோர்க் உலிர் தம்பதி, சிலிக்கான் தகட்டை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தி மெருகேற்ற முயன்றார்கள். மெருகுக்குப் பதில் நிறமுள்ள ஒரு படலம்தான் வந்தது! அது துளைகளால் ஆனது என்பது பின்னாளில்தான் புரிந்தது. 1990ல் இங்கிலாந்தின் லீ கேனம் அது சிவப்பாக ஒளிர்வதைக் காட்டினார். 1995ல் அவரே அதை உடல் திரவம் போன்ற கரைசலில் போட்டுப் பார்த்தார். துளைகள் மிக அதிகமாக இருந்தவை கரைந்தே போயின. சிப்புக்கு இது பெரிய குறை. மருந்துக்கோ இதுதான் குணம்!

செய்முறை இதுதான். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துத் துளையின் அளவை முடிவு செய்யலாம். சில நானோமீட்டர் அகலமுள்ள அந்தத் துளைகளில் மருந்தை ஊற வைக்கிறார்கள். உடலுக்குள் போனதும் நீர் பட்டுச் சுவர்கள் மெல்லக் கரைகின்றன, மருந்து வெளிவருகிறது. கரைந்த சிலிக்கான் ஆர்த்தோசிலிசிக் அமிலமாக மாறுகிறது. நாம் குடிக்கும் தண்ணீரிலும் சிறிதளவு இருப்பதுதான் அது. சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும்.

சீக்கிரம் கரைந்துவிட்டால்? அதற்கும் வழி உண்டு. காற்றில் சூடாக்கினால் சுவர்களின் மேல் ஆக்சைடு படலம் உண்டாகும், கரைவது தாமதமாகும். முயலின் கண்ணில் இதைச் சோதித்து 2008ல் கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்படியே போட்ட துகள்களைவிட ஆக்சைடு ஏறிய துகள்கள் அதிக நாள் தங்கின.

சிக்கல் இல்லாமல் இல்லை. புதிதாகச் செய்த சிலிக்கானின் பரப்பு சில மருந்துகளோடு வினைபுரிந்து மருந்தையே கெடுத்துவிடுகிறது. அதனால் எல்லா மருந்துக்கும் ஒரே துகள் என்பது நடக்காது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகத் துளையின் அளவையும் மேல்பூச்சையும் கண்டுபிடித்தாக வேண்டும். முயல் கண்ணுக்கும் மனிதக் கண்ணுக்கும் இடையில் உள்ள வேலை அதுதான்.