ஏழு பேர்ச் காணி

மலைச் சரிவில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சுவர் எழுப்புவது பிந்திய வேலை. முதலில் மண்ணை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். வாய்க்கால் எடுக்க வேண்டும். மேட்டுப் பக்கம் கருங்கல் அணைச்சுவர் நிற்க வேண்டும். இலங்கையில், கண்டியிலிருந்து கம்பளை வழியாக ஏறினால் வரும் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தமிழ்நாட்டிலிருந்து தொண்டராகப் போன நான் பார்த்தது பெரும்பாலும் இந்த வேலையைத்தான்.

லொறி பாதையோடு நின்றுவிடும். மணல், சிமெண்டு, புளொக் கல் எல்லாம் ஆள் சுமந்துதான் மேலே போக வேண்டும். தொண்டர்களின் கைகள் உண்மையிலேயே பயன்பட்டது அங்கேதான். வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினோம். சுவர் வைப்பது கொத்தனாரான மேசன் பாஸின் வேலை. நான்கு மூலைகளிலும் கல் வைத்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மூலைக்கு மூலை நூல் கட்டிய பிறகே இடைக்கல்லைத் தொடுவார். அணைச்சுவரில் இடையிடையே குழாய்த் துண்டுகளைப் பதித்தார்.

"தண்ணிக்கு நாம வழி விடணும் தம்பி. இல்லாட்டி அதுவே வழி எடுத்துக்கும்."

2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு வந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை.

இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அந்தத் தொழிலைச் சுமந்தவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா (அறை), முன்னால் ஒரு இஸ்தோப்பு (தாழ்வாரம்). பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனாலும் அதே காம்பராதான், நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொள்வார்கள். இந்திய உதவியில் மலையகத்துக்கு 4,000 தனி வீடுகள் என்று தொடங்கிய திட்டத்தில், 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, நம் கணக்கில் நாலரை சென்டுக்குச் சற்றுக் குறைவு.

விமானக் கட்டணத்தை அனுப்பினால் இன்னொரு அறை கட்டலாமே என்று தொண்டர்களைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். உள்ளூர் மேசனின் கூலியைப் பறிக்கும் தொண்டு எனக்கும் வேண்டாம். ஆனால் வந்து கல் சுமக்காவிட்டால், வீட்டுக்கார அம்மா கேட்டதை நான் கேட்டிருக்க மாட்டேன். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் மணல் சலிக்க வந்து நின்றவர் அவர்.

"வீடு வந்துரும். உறுதி எப்ப வரும்?"

உறுதி என்றால் காணிப் பத்திரம். தோட்டக் காணி அரசுடையது. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கையில். காணி உறுதி பெற்றவர்களும் உண்டு, வீட்டில் குடியேறியும் காத்திருப்பவர்களும் உண்டு. உறுதி இல்லாமல் வங்கிக் கடன் இல்லை. மகள் பேருக்கு எழுதிவைக்கவும் முடியாது. பக்கத்து லயத்துக்காரர், உறுதி கேட்டுக் கொடுத்த மனுவின் பிரதியைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். பிரதேச செயலகத்துக்கு ஒருமுறை போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது என்றார். அடுத்த முறை, உறுதிக்காகக் காத்திருக்கும் நான்கு குடும்பங்களுக்குச் சேர்த்து ஒருவர் போவது என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.