பழுது எந்தப் பக்கம்?

தொலைபேசி என்றாலே கம்பி என்றிருந்த காலத்தில் ஜவ்வாது மலையில் லைன்மேனாக வேலை பார்த்தேன். ஐப்பசி மழையில் ஒரு கிளை முறிந்து கம்பி மேல் சாய்ந்தால் போதும், ஜமுனாமரத்தூரில் போனை எடுத்தால் காதில் ஒன்றும் கேட்காது. பேச முடியாதவர் முதலில் தன் கையிலிருக்கும் கருவியைத் தட்டிப் பார்ப்பார். அடுத்து எங்களைத் திட்டுவார். மலையடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவே எத்தனை கம்பம், எத்தனை இணைப்பு, எத்தனை பீங்கான் குமிழ் இருக்கின்றன என்பது அவர் நினைவுக்கு வராது. அது இயல்புதான்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர், அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு கம்பமாக ஏறிப் பார்க்க விடமாட்டார். "நேரா நடுக் கம்பத்துக்குப் போ" என்பார். அங்கே ஏறி, சோதனைப் போனைக் கம்பியில் மாட்டிக் கீழ்ப்பக்கத்தைக் கேட்க வேண்டும். சத்தம் வந்தால் கீழ்ப்பாதி நன்றாக இருக்கிறது, பழுது மேலே. வராவிட்டால் பழுது கீழே. பிறகு அந்தப் பாதியின் நடுக் கம்பம். நூறு கம்பம் இருந்தாலும் ஏழு முறை ஏறினால் இடம் அகப்பட்டுவிடும். மழையில் நனைந்துகொண்டு நிற்கிறவனுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது ஏறியவனுக்குத்தான் தெரியும்.

அந்தப் பாடம் ஓய்வுக்குப் பிறகு கணினி விளையாட்டுக்கு உதவும் என்று நான் நினைத்ததில்லை. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கைக்கும் மடிக்கணினி வந்தது. பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் படிப்பை முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். தம்பியும் அவன் தோழர்கள் இருவரும் சாயங்காலமானால் என் திண்ணையில் மடிக்கணினிகளை விரித்துவிடுவார்கள். அவர்கள் விளையாடியது 1999இல் வெளியான 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. காடு வெட்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி, படை திரட்டி மோதுகிற விளையாட்டு. பழையது என்பதால் எளிய மடிக்கணினியிலும் ஓடும்.

ஓடியது, ஆனால் புல்தரை ஊதா நிறத்தில் தெரிந்தது. தண்ணீரில் கன்னாபின்னாவென்று சிவப்புப் புள்ளிகள். "ஸ்க்ரீன் போச்சு தாத்தா" என்றான் தம்பி. வேலூருக்கு எடுத்துப்போய்த் திரையை மாற்ற எவ்வளவு ஆகும் என்ற பேச்சுகூட வந்துவிட்டது. நான் அதே கணினியில் ஒரு புகைப்படத்தைத் திறக்கச் சொன்னேன். புகைப்படத்தில் புல் பச்சையாகவே இருந்தது. ஆகத் திரை நன்றாக இருக்கிறது, பழுது அதற்கு இந்தப் பக்கம். நடுக் கம்பம் ஏறியாகிவிட்டது.

காரணத்தை அந்தப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்து விளையாட்டுகள் ஒரே நேரத்தில் 256 நிறங்களை மட்டுமே வைத்துக்கொண்டு படம் வரையும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று ஓர் அட்டவணை இருக்கும். பிற்காலத்து இயங்குதளத்தில், பின்னால் ஓடும் முகப்புத் திரை நிரலும் அதே அட்டவணையில் கை வைக்கிறது. பச்சைக்கென்று வைத்த இடத்தில் வேறு நிறம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முகப்பு நிரலைத் தற்காலிகமாக மூடிவிட்டு விளையாட்டைத் திறந்தார்கள். புல் பச்சையானது. செலவு ஒரு பைசா இல்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வெவ்வேறு காலத்தில் எழுதப்பட்ட இரண்டு நிரல்கள் ஒரே வீட்டில் குடியிருக்க நேர்ந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது மூவரும் சேர்ந்து விளையாடும் ஆசை. இதற்கு இணையமே வேண்டாம், ஒரே வீட்டுக்குள் ஒரு பழைய வைஃபை ரவுட்டர் போதும் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. இரண்டு கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. மூன்றாவது கண்ணில் படவில்லை. அதற்குச் சொந்தக்காரப் பையன் விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றப் போனான். தீச்சுவரை அணைத்தான், இன்னும் நாலு அமைப்புகளை ஒரே மூச்சில் மாற்றினான். அவனைத் தடுத்து நிறுத்தினேன். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஆகாவிட்டால் புதிதாக எது கெட்டது என்றும் தெரியாது. மாற்றியதையெல்லாம் பழையபடி வைக்கச் சொல்லி, மூன்று கணினிகளின் முகவரிகளையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். இரண்டு 192.168 என்று தொடங்கின. மூன்றாவது 169.254 என்று தொடங்கியது. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காத கணினி, தானே ஒன்றைச் சூட்டிக்கொள்ளும்போது இப்படித்தான் தொடங்கும். ஆகப் பழுது விளையாட்டில் இல்லை, அதற்கும் முந்தைய படியில். வைஃபையைத் துண்டித்து மறுபடி சேர்த்ததும் முகவரி வந்தது. அதன்பின் தீச்சுவரில் இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் வழிவிட்டார்கள். மூவரும் ஒரே களத்தில் இறங்கினார்கள்.

இங்கேதான் எனக்கு அந்த விளையாட்டின் மேல் மதிப்பு பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் பால் பெட்னர், மார்க் டெரானோ என்ற இருவர் அதன் உள்வேலையை 2001இல் விளக்கி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் இலக்காக வைத்தது நொடிக்கு 28.8 கிலோபிட் மட்டுமே போகிற தொலைபேசி மோடம். அதன் வழியே ஆயிரக்கணக்கான வீரர்களின் இருப்பிடத்தை நொடிக்கு நொடி அனுப்ப முடியாது. எனவே அவர்கள் படையை அனுப்பவில்லை. கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். 'இந்த வில்லாளர்கள் அங்கே போகட்டும்' என்ற சொல் மட்டும் கம்பியில் போகும். ஒவ்வொரு கணினியும் அதைக் கேட்டு முழு உலகத்தையும் தன்னிடத்திலேயே நடத்திக்கொள்ளும். அந்த உலகங்கள் எல்லாம் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருந்தாக வேண்டும். தொடக்கத்தில் ஒரு மான் கொஞ்சம் தள்ளி நின்றாலும், சில நிமிடங்களில் ஒரு கணினியில் வேடன் மானை அடித்திருப்பான், இன்னொன்றில் தவறவிட்டிருப்பான். அதற்குமேல் ஆட்டம் நடக்காது.

இதனால் ஒரு கட்டாயம் பிறக்கிறது. எல்லாரும் ஒரே அடி வைத்துத்தான் நடக்க முடியும். ஒருவரின் கணினி தளர்ந்தால் அத்தனை பேரும் அவருக்காகக் காத்திருப்பார்கள். மார்கழிக் குளிரில் ஒரு பையன் மடிக்கணினியைக் கம்பளியின் மேல் வைத்துக்கொண்டு விளையாடினான். காற்றுத் துவாரம் அடைபட்டு, சூடு ஏறி, செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மூன்று திரையும் திக்கித் திணறின. மற்ற இருவரும் தத்தம் கணினியைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார்கள். கம்பளியை எடுத்துவிட்டுப் பலகையில் வைத்ததும் மூன்றும் சீராயின. யாருடைய திரை நிற்கிறதோ அவரிடம்தான் பழுது என்று இந்த விளையாட்டில் சொல்லவே முடியாது.

அவர்கள் எழுதியதில் இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. கட்டளைக்கும் செயலுக்கும் நடுவே கால் நொடி தாமதம் இருந்தால் விளையாடுகிறவருக்குத் தெரிவதே இல்லையாம். அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் பழகிக்கொள்கிறார்களாம். ஒரு கட்டளை சட்டென்றும் அடுத்தது தயங்கியும் நடந்தால்தான் வெறுத்துப்போகிறார்களாம். வேகத்தைவிட ஒரே சீராக இருப்பது மேல் என்பதைக் குடும்பம் நடத்திய எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஓசூரில் இருக்கும் அண்ணனையும் ஆட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது தம்பியின் அடுத்த ஆசை. அதில் சிக்கல் அதிகம். இணைய முகவரிகளின் பழைய முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகப் பொது இருப்பில் மிஞ்சியிருந்த கடைசிக் கட்டுகளையும் 2011 பிப்ரவரியிலேயே பங்கிட்டுவிட்டார்கள். அதனால் செல்போன் இணைப்புகளில் ஒரே வெளிமுகவரியைப் பலருக்குப் பொதுவாகக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இங்கிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. இரண்டு பக்கமும் இப்படியென்றால் ஒருவர் கதவை ஒருவர் தட்ட வழியில்லை. இணையத்தின் மேலேயே ஒரு தனி வலையமைப்பை உண்டாக்கித் தரும் மென்பொருளைப் போட்டுச் சேர்ந்துகொண்டார்கள்.

சேர்ந்தார்கள், ஆனால் தினமும் ராத்திரி ஆட்டத்தின் நடுவே எல்லாம் உறைந்து நிற்கும். "டவர்தான் தாத்தா. மலையில பிறந்தா இதான்" என்று தம்பி மனம் வெதும்பிச் சொன்னான். அந்தச் சொல் என்னைத் தைத்தது. மலை என்றால் குறை இங்கேதான் இருக்கும் என்று பிள்ளைகள் தாங்களாகவே நம்பத் தொடங்குவது எனக்குப் பொறுக்காது.

ஒரு சனிக்கிழமை அவர்களைக் காவலூருக்கு அழைத்துப்போனேன். வைணு பாப்பு வானாய்வகம் எங்கள் மலையில்தான் இருக்கிறது. அங்கே நடந்த ஒன்றை அவர்களுக்குச் சொன்னேன். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது என்று தெரிந்து, அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியை அதன் மேல் வைத்துக் காத்திருந்தார்கள். கோள் வந்து சேர்வதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கித் திரும்பியது. கருவிக் கோளாறு, மேகம் என்று ஒதுக்கிவிடாமல் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த மங்கலை நேரத்தோடு பதிந்து வைத்தார்கள். ஒரு புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று கருதினார்கள். அதே நாளில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த விமானத்திலிருந்து ஜேம்ஸ் எலியட்டின் குழுவும் பார்த்திருந்தது. அவர்கள் பதிவில் கோளுக்கு முன்னும் பின்னும் பலமுறை ஒளி மங்கியிருந்தது. பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தது. அதுவரை சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று இருந்தது.

"ரெண்டு பக்கமும் நேரம் எழுதணும்ங்கறீங்க" என்றான் தம்பி. புரிந்துகொண்டான்.

அன்று முதல் இங்கே தம்பி ஒரு நோட்டிலும், ஓசூரில் அண்ணன் ஒரு தாளிலும், ஆட்டம் நின்ற நேரத்தைக் குறித்தார்கள். கூடவே பிங் ஓடவிட்டார்கள். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் எழுதிய சின்ன நிரல் அது. எதிர்ப்பக்கத்துக்கு ஒரு குரல் கொடுத்து, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஏறத்தாழ 2900 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிங்கப்பூருக்குச் சென்னையிலிருந்து போய்த் திரும்பினால்கூட 30 மில்லிநொடிக்குப் பக்கம்தான். ஓசூர் தூரமே இல்லை.

நாலைந்து நாளில் வடிவம் தெரிந்தது. மலைப்பக்கத்திலிருந்து இணையத்துக்குப் போன குரல்களுக்குப் பதில் ஒழுங்காக வந்தபடியே இருந்தது. ஓசூர்ப் பக்கத்தில்தான் முழுதாக அறுந்தது. அதுவும் தினம் ஏறக்குறைய எட்டரை மணிக்கு, சில நிமிடங்களுக்கு மட்டும். அண்ணன் தன் செல்போனிலிருந்துதான் மடிக்கணினிக்கு இணையம் எடுத்துக்கொண்டிருந்தான். பழைய வகைப் போன். அழைப்பு வந்தால் 4ஜியை விட்டு இறங்கி 2ஜியில் பேச்சைப் பிடிக்கும். பேசி முடிக்கும்வரை இணையம் நிற்கும்.

எட்டரை மணிக்கு யார் அழைக்கிறார்கள் என்று கேட்டேன். தம்பி நோட்டைப் பார்த்தான், பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பினான். அடுப்படி வேலை முடிந்ததும் அவன் அம்மா வாசலுக்கு வந்து, சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்றுகொண்டு, மூத்தவன் சாப்பிட்டானா என்று விசாரிக்கிற நேரம் அது. அதன்பின் ஒன்பது மணிக்குத்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.