எங்கள் பிள்ளைகளுக்கும் மாயக்கதை வேண்டும்

விஷ்ணுபுரம் சரவணனின் சிறுவர் மாயக்கதை நாவல் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025-இல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. விருதைவிட எங்களுக்கு முக்கியம் வேறு. கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி, 'கயிறு' என்றே பெயர் வைத்துச் சிறுவர் கதை எழுதியவரும் இவர்தான்.

1947-இல் வெளிவரத் தொடங்கிய அம்புலிமாமாவை நாங்களும் ருசித்துத்தான் படித்தோம். ஆனால் குதிரை ஏறியவன் இளவரசன், வரம் தந்தவர் முனிவர். சேரியிலிருந்து புதையல் தேடிப் புறப்பட்ட பிள்ளை எங்கள் கண்ணில் படவே இல்லை. சுடுகாட்டுக்குப் போனால்கூட அங்கே விக்கிரமாதித்தன்தான் நிற்பான்!

நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு குழு 2024-இல் பள்ளிகளில் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அதைச் செய்ய வேண்டியது அரசு. கதைப் புத்தகம் நாங்கள் செய்யக்கூடியது.

உத்தனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நிறைய. பாடப்புத்தகத் தமிழ் அவர்களுக்குப் பரீட்சை. பறக்கிற கதை என்றால் எழுத்துக்கூட்டியாவது முடித்துவிடுவார்கள். இரண்டு புத்தகங்களிலும் பத்துப் பிரதிகள் கேட்டு மாவட்ட நூலகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போட வாருங்கள் தோழர்களே.